பூனைக்கு வால் இல்லை

கண்டியிலிருந்து உளவியலாளர் வரும் நாளில் எனக்கு உயிர் போய் உயிர் வரும். படிப்பு ஏறாத பிள்ளைகளைத் தமிழில் சோதிக்க எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலைக்குக் கிடைத்தவர் அந்த ஒரு யாழ்ப்பாணத்து மனிதர்தான். மழைக்கு மண் சரிந்தால் பாதிவழியில் பன்விலையோடு திரும்பிவிடுவார். அவருடைய அறிக்கை இல்லாமல் எந்தப் பிள்ளைக்கும் டவுன் பாடசாலையின் விசேட கல்வி அலகில் இடமில்லை. வருஷக்கணக்காகப் பிள்ளையைப் பார்க்கும் நான் எழுதினால் செல்லாது. வெளியாள்தான் எழுத வேண்டும்.

அந்த முறை ஒரே ஓர் இடம். மூன்றாம் வகுப்பு கௌசல்யாவுக்கு அது கிடைக்க வேண்டுமே என்று தவித்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு இன்னும் ஓர் எழுத்தும் பிடிபடவில்லை.

மனிதர் நனைந்தபடி வந்து சேர்ந்தார். படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, எது குறைகிறது என்று கேட்டார். வாளிக்குப் பிடி இல்லை, கதிரைக்குக் கால் இல்லை என்று கௌசல்யா டக் டக்கென்று சொன்னாள்.

"பிள்ளைக்கு ஒரு பிரச்சினையும் தெரியேல்லையே, டீச்சர். நான் என்னத்தை எழுதுறது?"

அடுத்ததை எடுத்தார். ஈரத்தில் இரண்டு அட்டைகள் ஒட்டிக்கொண்டு வந்ததை அவர் கவனிக்கவில்லை. முன்னால் தெரிந்தது பிடி இல்லாத குடை.

"பூனைக்கு வால் இல்ல" என்றாள் கௌசல்யா.

அவர் அட்டைகளைப் பிரித்தார். வரிசைப்படி அடுத்து வர வேண்டிய பூனை பின்னால் இருந்தது.

வெளியே நின்ற அவள் தாய் செல்வியைக் கூப்பிட்டேன். கொழுந்து பறிக்கிறவள். பயத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"போன தடவ பக்கத்து வீட்டுப் பையன்கிட்ட சார் கேட்டதெல்லாம் விசாரிச்சு, பாட்டா கட்டிச் சொல்லிக் குடுத்தேன் டீச்சர். ஸ்கொலர்ஷிப் பரீட்சைக்குப் பழைய பேப்பர் செய்றாங்கதானே? பெயிலானா பைத்தியம்னு எழுதிருவாங்கன்னு லயத்து வீடுகள்ல பேசிக்கிறாங்க."

எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. வெளியே சாரைக் கூட்டி வந்த டிரைவர் ஹோர்ன் அடித்தார். மழைக்குப் பாதையை மூடப்போகிறார்களாம்.

"இன்னொரு நாள் வருவீங்களா சார்?"

"எப்பவெண்டு சொல்லேலாது." என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். "வேற செட் ஒண்டு கிடக்கு. கெதியாச் செய்வம்."

இம்முறை கௌசல்யா திணறினாள். ஒவ்வொரு கேள்விக்கும் ஜன்னலைப் பார்த்தாள். அங்கே செல்வி சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஒரு பிள்ளை தவற வேண்டும் என்று நான் மாதாவிடம் மன்றாடியது அன்றைக்குத்தான்.

"பெயிலா டீச்சர்?"

"இடம் கிடைக்கும் செல்வி."

அவள் முகம் தெளியவில்லை. "அப்ப நான் பாடுபட்டதெல்லாம் வீணா?"

பையை மூடப்போனவர் நிமிர்ந்தார். "அந்தப் பாட்டை ஒருக்காப் பாடு பாப்பம், பிள்ளை."

கௌசல்யா ஓரிடத்திலும் பிசகாமல் முழுவதும் பாடினாள். அவர் பேனாவைத் திறந்து, இந்தப் பிள்ளை காதால் கேட்டு நன்றாகப் படிக்கும், பாட்டாகச் சொல்லிக் கொடுக்கவும் என்று அறிக்கையில் சேர்த்தார்.

இப்போதெல்லாம் அவர் வருவதற்கு முன் நான் லயங்களுக்குப் போகிறேன். இது பரீட்சை இல்லை, ஒன்றும் சொல்லிக் கொடுக்காதீர்கள் என்று கெஞ்சுகிறேன். பிறகு, வீட்டில் பிள்ளைக்கு எப்படிச் சொன்னால் ஏறுகிறது என்று ஒவ்வொரு தாயிடமும் கேட்டுக்கொண்டு வருகிறேன்.