யார், யாரிடம், எப்போது

ஸம்றா ரீச்சரிடம் படித்த பிள்ளை சந்தர்ப்ப வினாவில் புள்ளியை விட்டுவிட்டு வந்ததாகக் கல்முனையில் யாரும் கேள்விப்பட்டதில்லை. உயர்தரத் தமிழ் வினாத்தாளில் பழைய பாட்டிலிருந்து ஒரு சின்னத் தொடரைப் பிய்த்துப் போட்டு, இது யார் கூற்று, யாரிடம் கூறியது, எந்தச் சந்தர்ப்பத்தில் என்று கேட்பார்கள். பெரும்பாலான பிள்ளைகள் பொருளை மட்டும் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். ஸம்றா அதை விடமாட்டாள்.

“செல்க எண்டு ஒரு சொல்லு,” என்பாள் வகுப்பில். “பழைய பாட்டுகள்ள அது எத்தின வாயால வருது பாருங்க. ராசா தூதனப் பாத்துச் சொன்னா அது கட்டளை. மகனப் போருக்கு அனுப்புற தாய் சொன்னா அது அழுகை. வேறொருத்தி வீட்டுக்குப் போயிட்டு வந்தவன வாசல்ல மறிச்சுப் பொஞ்சாதி சொன்னா, அது போகச் சொல்லுறதே இல்ல. நிண்டு சமாதானம் சொல்லு எண்டு அர்த்தம். சொல்லு ஒண்டுதான். வாய் வேற, காது வேற, நேரம் வேற.”

இதை முதன்முதலில் முன்வரிசை வாங்கில் உட்கார்ந்து கேட்டவர்களில் ஒருத்தி பஸ்மிலா. சாய்ந்தமருதுப் பிள்ளை, கெட்டிக்காரி. ஸம்றா அப்போது படிப்பிக்க வந்த புதிது. வகுப்பு முடிய பஸ்மிலாவை ஏற்றிப்போக அவளுடைய மூத்த சகோதரன், காக்கா றாஸிக், மோட்டார் சைக்கிளில் வருவான். ரீச்சரையே எனக்கு மதினியாக எடுக்க வேண்டும் என்று வீட்டில் ஒற்றைக்காலில் நின்று, சம்பந்தம் பேச வைத்தவளும் அவள்தான். ஸம்றாவின் வாப்பா மகளுக்கென்று கட்டிய கல்முனை வீட்டுக்கு றாஸிக் மாப்பிள்ளையாக வந்து சேர்ந்தான். சந்தையில் ஹாட்வெயார் கடை போட்டான். நிஹ்லா பிறந்தாள், வளர்ந்தாள், பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனாள். பெரிய காதலும் இல்லை, பெரிய சண்டையும் இல்லை. அவனுடைய சேட்டுக் கொலரை ஸம்றா தேய்த்துக் கழுவினாள். அவளுக்குப் பிடித்த கீரிமீனை அவன் வாங்கி வந்தான். அது போதும் என்றுதான் இருந்தாள்.

அந்த வருஷ மழைக்குள் அவளுக்கு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்தும் எழும்ப முடியவில்லை. றாஸிக் கடையைப் பூட்டிவிட்டுப் பக்கத்திலேயே இருந்து கஞ்சி பருக்கினான். அப்படி இருக்கும்போதுதான் சாய்ந்தமருதில் அவனுடைய உம்மா ஸைனம்புவுக்குக் குளியலறையில் விழுந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அவனைக் கூட்டிப்போகப் பஸ்மிலா ஓட்டோவில் வந்து வாசலில் நின்றாள். றாஸிக் கட்டிலையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தான்.

“உங்கள இப்புடி விட்டுட்டு எப்புடிப் போற?” என்றான்.

“நீங்க போங்க. நான் இருந்துக்குவன். உம்மாதானே,” என்றாள் ஸம்றா. சொல்லி முடிக்கவே மூச்சு வாங்கியது.

அவன் போனான். முதலில் தினமும் வந்தான். பிறகு வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்து சோற்றுக்கு வந்தான். உம்மாவைப் பார்க்க நதீரா என்றொரு விதவைப் பெண்ணை வைத்திருப்பதாகச் சொன்னான். பாவம், நல்ல பிள்ளை என்றான். காய்ச்சல் மாறி ஸம்றா இரண்டொரு தரம் மாமியைப் பார்க்கப் போனபோது நதீரா தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள், நிமிர்ந்து பார்க்கவில்லை. ஸம்றா அதைக் கூச்சம் என்று நினைத்தாள்.

பிறகு ஒருநாள், பள்ளிக்கூட இடைவேளையில், பஸ்மிலாவின் வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு படம் வந்தது. றாஸிக் வெள்ளைச் சேட்டோடு நின்றான். பக்கத்தில் நதீரா, கழுத்தில் பூமாலை. ஸம்றா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பப் பார்ப்பதற்குள் படம் இல்லை. யாருக்கு மறைக்க வேண்டும் என்பது பஸ்மிலாவுக்குப் பிந்தித்தான் நினைவு வந்திருக்கும். அடுத்த பாடத்துக்கு மணியடித்தது. ஸம்றா எழும்பிப் போய்ப் பாடம் எடுத்தாள்.

அவன் திரும்பி வர வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. அவன் தன்னிடம் ஒரு சொல்லுச் சொல்லாமல் போனான் என்பதை நாலு பேருக்கு முன்னால் அவனுடைய வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். இரண்டு குடும்பத்துக்கும் பெரியவரான மக்கீன் ஹாஜியார் தன் வீட்டு விறாந்தையில் கதிரைகளைப் போட்டு எல்லாரையும் கூப்பிட்டார்.

றாஸிக் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: “நான் விட்டுட்டுப் போகல்ல ஹாஜியார். இவதான் போகச் சொன்ன.”

ஸம்றாவுக்கு முதலில் விளங்கவே இல்லை. “நான் எப்ப சொன்ன?”

“உம்மா விழுந்த அண்டைக்கி. போங்க, நான் இருந்துக்குவன் எண்டு சொன்னீங்க. இல்லெண்டு சொல்லுங்க பாப்பம்.”

“அது காய்ச்சல்ல கிடக்கக்குள்ள. உம்மாவப் பாக்கப் போங்க எண்டுதானே நான்…”

மக்கீன் ஹாஜியார் கையை உயர்த்தினார். “மகள், கதைய நீட்டாதீங்க. சொன்னீங்களா, சொல்லல்லியா? அத மட்டும் சொல்லுங்க.”

“சொன்னதுதான். ஆனா என்னத்துக்குச் சொன்ன எண்டு கேளுங்களன்.”

“கேட்டவங்க ஆரும் இருக்காங்களா?” என்று ஹாஜியார் மற்றப் பக்கம் திரும்பினார்.

பஸ்மிலா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு எழும்பினாள். “ஓம். நான் வாசல்ல நிண்ட. என்ட காதால கேட்ட. நீங்க போங்க, நான் இருந்துக்குவன் எண்டு மதினி சொன்ன.”

“அதுக்குப் பொறகு நான் என்ன சொன்ன, பஸ்மிலா?” என்று கேட்டாள் ஸம்றா. வகுப்பில் கேட்பது போலத்தான் கேட்டாள், குரலை உயர்த்தவில்லை.

பஸ்மிலா காக்காவைப் பார்த்தாள். பிறகு நிலத்தைப் பார்த்தாள். “அவ்வளவுதான் எனக்கி ஞாபகம்.”

கூட்டம் அதோடு முடிந்தது. பெண்ணே போகச் சொன்னபடியால் ஆணில் குற்றம் காண ஒன்றுமில்லை என்றார் ஹாஜியார். அதை அவர் கனிவாகத்தான் சொன்னார், ஸம்றாவின் மனம் நோகக்கூடாது என்பதைப் போல. அன்றைக்கே சந்தை வரைக்கும் கதை போய்விட்டது. ரீச்சர் மாப்பிள்ளையை விரட்டிவிட்டாளாம், படித்த திமிராம்.

நிஹ்லா பேராதனையிலிருந்து அழைத்தாள். அழுதிருந்தாள். “உம்மா, நீங்க வாப்பாவப் போகச் சொன்னீங்களா?”

ஸம்றா எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினாள். காய்ச்சல், மழை, வாசலில் நின்ற ஓட்டோ.

“உம்மா, அதெல்லாம் வேணாம். சொன்னீங்களா, இல்லியா?”

ஸம்றா போனைக் கட்டிலில் வைத்துவிட்டாள். நிஹ்லாவின் குரல் கொஞ்ச நேரம் அதற்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது.

தலாக் ஆனது. ஸம்றா வீட்டோடு காத்திருக்கும் இத்தா இருந்தாள். அவள் வீட்டுக்குள் இருந்த மாதங்களில், அவளுடைய ரியூசன் வகுப்பில் பரீட்சைக்கு நின்ற பிள்ளைகள் வேறு வகுப்புகளுக்குப் போய்விட்டார்கள். வெளியே வந்தபோது சிலர் திரும்பி வந்தார்கள், பலர் வரவில்லை. பெண்பிள்ளைகளை அவளிடம் விடுவதற்கு உம்மாமார் யோசிக்கிறார்கள் என்று நேரில் ஒருத்தியும் சொல்லவில்லை. வாங்குகள்தான் வெறுமையாகக் கிடந்தன.

அடுத்த நோன்புக்கு முன்னம் ஸைனம்பு மாமி படுக்கையிலேயே மௌத்தானார். போகாமல் இருக்கலாம் என்று நினைத்தாள். ஆனால் மாமி அவளுக்கு ஒரு கெடுதியும் செய்ததில்லை. வெள்ளைச் சீலையை உடுத்துக்கொண்டு சாய்ந்தமருதுக்குப் போனாள். பெண்கள் இருந்த அறைக்குள் அவள் நுழைந்ததும் ஓதிக்கொண்டிருந்தவர்கள்கூட ஒரு கணம் நிமிர்ந்தார்கள். நதீரா நிறைமாத வயிற்றோடு தேத்தண்ணித் தட்டுடன் வந்து, இவளைக் கண்டு அப்படியே நின்றாள். என்ன சொல்லப்போகிறாள் என்று அறையே காத்திருந்தது. ஸம்றா ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தாள். மாமியின் முகத்தைப் பார்த்தாள், துஆக் கேட்டாள், எழும்பினாள்.

வாசலில் பஸ்மிலா அவளுடைய கையைப் பிடித்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. “ரீச்சர்,” என்றாள். மதினி என்று வரவில்லை. “நான் பொய் சொல்லல்லியே ரீச்சர்.”

“ஓம். பொய் சொல்லல்ல,” என்றாள் ஸம்றா.

பஸ்மிலா இன்னும் எதையோ எதிர்பார்த்துக் கையை விடாமல் நின்றாள். ஸம்றா மெதுவாகத் தன் கையை எடுத்துக்கொண்டாள். பின்னால் அறைக்குள்ளிருந்து ஒரு கிழவியின் குரல் கேட்டது. “பாத்தீங்களா, மாமிட மௌத்து வீட்டுக்கு வந்தும் ஒரு சொட்டுக் கண்ணீரில்ல. ஒரு வார்த்த கதைக்கல்ல. என்ன பெரும!”

ஸம்றா திரும்பவில்லை. றோட்டுக்கு வந்து கல்முனை பஸ்ஸுக்குக் காத்து நின்றாள். வந்த பஸ்ஸில் நிற்கத்தான் இடமிருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே ஊர் வந்து சேர்ந்தாள்.