பவுலினின் ஆட்சேபணைக் கடிதம்

பவுலின் தோர்ப்புக்குப் பொறாமை கூடவே பிறந்தது. அக்காளுக்குப் புதுச் செருப்பு வாங்கிய வாரம் இவளுக்குக் காய்ச்சல் வரும். முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். பக்கத்தில் நிற்பவள் செய்த கஸ்டர்டைப் பிள்ளைகள் இரண்டாம் முறை கேட்டு வந்தால் அன்றைக்கு முழுக்க இவள் பாத்திரம் அலம்பும் சத்தம் மைதானம் வரை கேட்கும். புருஷன் ரான், நடன வகுப்பில் சந்தித்த ஒருத்தியோடு ஸ்கார்பரோவுக்குப் போய்விட்டான். அந்த ஒரு தடவை மட்டும் அவள் சந்தேகம் சரியாக இருந்து தொலைத்தது. அதுதான் வினை. அதிலிருந்து தனக்கு வருகிற சந்தேகம் எல்லாமே சரி என்று நினைத்துக்கொண்டாள்.

சாப்பல் லேனில் ஐந்தாம் எண் அவள் வீடு. நாலாம் எண்ணில் டெரிக் ஹார்டகர். இவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், பேச்சு குறைவு, கை மண்ணிலேயே கிடக்கும். இரண்டு முன்தோட்டங்களுக்கும் நடுவே இடுப்பளவு கல் சுவர். டெரிக்கின் மனைவி ஐரீன் இறந்த பிறகு ஒன்பது வருடமாகத் தினமும் காலை பதினொரு மணிக்கு அந்தச் சுவர்மேல் இரண்டு கோப்பை தேநீர் வரும். இவள் பேசுவாள், அவர் கேட்பார். மழை தூறினால் குடையோடு நிற்பார்கள். காதல் என்று யாராவது சொல்லியிருந்தால் பவுலின் அவர்கள் முகத்திலேயே கதவைச் சாத்தியிருப்பாள். ஆனால் அந்த அரை மணி நேரம் இல்லாவிட்டால் மிச்சம் இருக்கும் இருபத்து மூன்றரை மணி நேரத்தை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியாது.

அப்போதுதான் மூன்றாம் எண்ணுக்கு வெனிஷியா வந்து சேர்ந்தாள். லண்டன்காரி. அறுபத்தைந்து வயதிலும் தோட்டத்துக்குத் தொப்பி போட்டுக்கொண்டு வருகிறவள். டெரிக்கின் அந்தப் பக்கத்துச் சுவரும் இடுப்பளவுதானே! அதன்மேல் சாய்ந்துகொண்டு, ரோஜாவை எப்படிக் கவாத்து செய்வது, லீக்ஸ் வெங்காயத்துக்கு என்ன உரம் என்று ஆரம்பித்தாள் என்றால் கெட்டில் மூன்று முறை கொதித்து ஆறிவிடும். எலுமிச்சைக் கேக் வேறு. பவுலின் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்ப்பாள். திங்கள்கிழமை பன்னிரண்டு நிமிடம். புதன்கிழமை பத்தொன்பது நிமிடம். டெரிக் இவள் பக்கம் வரும்போது சட்டையில் கேக் துணுக்கு ஒட்டியிருக்கும். இவளுக்கு வயிறு பற்றி எரியும். அன்றைய தேநீரில் சர்க்கரை மட்டும் இருக்காது.

மார்ச் மாதம் ஒரு காலை, விளக்குக் கம்பத்தில் மஞ்சள் அறிவிப்பு ஒன்று கட்டியிருந்தது. சாப்பல் லேன் பாதுகாக்கப்பட்ட பகுதி. அங்கே இடுப்புக்கு மேல் எதை எழுப்பினாலும் கவுன்சிலின் அனுமதி வேண்டும், இருபத்தொரு நாளுக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபணை எழுதலாம். எண் நாலு, டெரிக் ஹார்டகர், பக்க எல்லையில் ஆறடி மரவேலி. பவுலின் இரண்டு முறை படித்தாள். எந்தப் பக்கம் என்று போடவில்லை.

நேரே நூலகத்துக்குப் போய்க் கம்ப்யூட்டரில் வரைபடத்தைத் திறக்கச் சொன்னாள். தடித்த சிவப்புக் கோடு ஒன்று, தன் சுவரோடு ஒட்டிக்கொண்டு, வாசலிலிருந்து படி வரை. அந்தக் கோடு டெரிக்கின் வீட்டை நாலு பக்கமும் சுற்றி ஓடியது உண்மை. எந்த விண்ணப்பத்திலும் இடத்தைக் காட்ட அப்படித்தான் சிவப்பில் சுற்றிப் போடுவார்கள், வேலிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. வேலி என்பது மூன்றாம் எண் பக்கம் எறும்பு ஊர்ந்த மாதிரி மெல்லிசாகக் கிடந்த புள்ளிக்கோடு. அதை யார் பார்த்தார்கள்? பவுலின் கண்ணுக்குத் தன் பக்கத்துச் சிவப்பு மட்டும்தான் தெரிந்தது. அவளோடு குலாவ என்னை மறைக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டாள்.

மறுநாள் பதினொரு மணிக்கு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எங்கள் ஊரில் பக்கத்து வீட்டுக்காரரிடம் நேரில் கேட்பது அநாகரிகம், கவுன்சிலுக்குப் புகார் எழுதுவதுதான் மரியாதை. டெரிக்கும் சொல்லவில்லை. இரண்டு பேரும் அன்று வானிலையைப் பற்றியே பேசி முடித்தார்கள்.

அன்று மாலை எழுதினாள். முதல் பத்தி அருமையாக வந்தது. இந்தத் தெருவின் அழகே தாழ்ந்த சுவர்கள்தான், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிவதுதான் இதன் குணம், ஆறடிப் பலகை வந்தால் தெரு செத்துப்போகும் என்றெல்லாம். அதோடு நிறுத்தியிருந்தால் புண்ணியமாய்ப் போயிருக்கும். இரண்டாம் பக்கத்தில் பேனா ஓடத் தொடங்கியது. லண்டனிலிருந்து வந்த ஒரு பெண்மணி கேக்கை நீட்டினால் திரு ஹார்டகர் நாய்க்குட்டி மாதிரி ஓடுகிறார் என்று எழுதினாள். ஐரீன் கடைசியாகப் படுத்திருந்தபோது மூன்று மாதம் சூப் கொண்டுபோனது யார் என்று கேட்டாள். ஐரீன் இறந்த வாரம் அந்த மனிதர் என் அடுப்படியில் உட்கார்ந்து குழந்தை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதாரே, அப்போது இந்தத் தொப்பிக்காரி எங்கே இருந்தாள் என்று முடித்தாள். கையெழுத்து, விலாசம், தபால்தலை.

அதிகாரி படித்துவிட்டுக் கோப்பில் வைப்பார் என்று நினைத்தாள். வருகிற கடிதம் ஒவ்வொன்றையும் பெயரோடும் விலாசத்தோடும் ஊர் முழுக்கப் பார்க்கும்படி இணையத்தில் போடுவார்கள் என்பது அறிவிப்பின் கடைசி வரியில் பொடி எழுத்தில் இருந்தது. பொடி எழுத்தை அவள் படித்ததே இல்லை.

அடுத்த வாரம் தபால் கடைக்காரி மரியன், சில்லறையை எண்ணுகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்.

"உங்க லெட்டர நேத்து என் வீட்டுக்காரர் சத்தமா படிச்சுக் காட்டினாரு. நல்லாத்தான் எழுதியிருக்கீங்க, பவுலின். ஆனா பாவம், டெரிக்."

பவுலினுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. அன்று பதினொரு மணிக்கு இரண்டு கோப்பைகளைச் சுவர்மேல் வைத்துக் காத்திருந்தாள். டெரிக் கதவு திறக்கவில்லை. மறுநாளும் இல்லை. மதுக்கடையில் யாரோ அவரிடம் கைக்குட்டை வேண்டுமா என்று கேட்டுச் சிரித்ததாகவும், அவர் பாதிக் குவளையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனதாகவும் மரியனே சொன்னாள்.

மே மாதம் முடிவு வந்தது. அனுமதி மறுக்கப்பட்டது. ஆட்சேபித்தவள் என்பதால் பவுலினுக்கும் ஒரு நகல் அனுப்பியிருந்தார்கள். தாழ்ந்த சுவர்கள் பற்றிய அவள் வரிகளை அதிகாரி கிட்டத்தட்ட அப்படியே எடுத்து எழுதியிருந்தார். பெருமையோடு படித்துக்கொண்டு வந்தவள் ஒரு வரியில் நின்றாள். மூன்றாம் எண்ணை ஒட்டிய எல்லையில் கோரப்பட்ட வேலி என்றிருந்தது. மூன்றாம் எண்! வெனிஷியா பக்கம்! அவள் முகத்தை மறைக்கத்தான் டெரிக் வேலி கேட்டிருக்கிறார், அதைத் தடுத்தது தான்தான் என்று புரிந்ததும் பவுலினுக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது சந்தோஷம்தான். கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல் சுவருக்கு ஓடினாள். டெரிக் லீக்ஸ் பாத்தியில் குனிந்திருந்தார்.

"டெரிக், நான் தப்பா நெனச்சுட்டேன். என் பக்கம்னு நெனச்சுட்டேன்."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"அவ பக்கம் எதுக்கு வேலி கேட்ட?"

டெரிக் நிமிர்ந்து கையைத் துடைத்துக்கொண்டார். "அந்தம்மா வாய மூட மாட்டேங்குது. நாம நிம்மதியா டீ குடிக்கலாம்னுதான்."

ஒன்பது வருடத்தில் அவர் அவளிடம் சொன்னதிலேயே இனிப்பான சொல் இதுதான். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த வேகத்தில் கவுன்சில் கடிதத்தின் கடைசிப் பத்தியை விரலால் தட்டிக் காட்டினாள்.

"பலகைதான் கூடாதுங்கறாங்க. செடி வேலிக்கு யாரையும் கேக்க வேண்டாமாம். எவ்ளோ ஒசரம் வேணும்னாலும் வளக்கலாம். நட்டுடு, டெரிக். அவ தொப்பிகூடத் தெரியக்கூடாது."

"படிச்சேன்," என்றார் அவர். "எல்லாத்தையும் படிச்சேன். நீ எழுதினதையும் படிச்சேன். உன் அடுப்படியில நான் அழுதத என் மகன்கிட்டகூடச் சொன்னதில்ல, பவுலின்."

அவர் மறுபடி குனிந்துவிட்டார். கோபம் தணிய நாளாகும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு உள்ளே போனாள். கோடை முழுக்கக் காத்திருந்தாள்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை நாற்றுப்பண்ணை வண்டி வந்து செடி வேலிக்கென்று நடுகிற பீச் என்ற காட்டுமரத்தின் கன்றுகள் நாற்பதை இறக்கியது. பவுலின் ஜன்னலில் நின்று பார்த்தாள். என் யோசனைதானே என்று கெட்டிலை வைத்தாள். டெரிக் ஒரு கயிற்றுச் சுருளோடு வந்தார். கொஞ்சம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, நேரே நடந்து வந்து, பவுலின் பக்கத்துக் கல் சுவரடியில் முதல் குச்சியை அடித்தார். கயிற்றின் மறுமுனையை வாசல் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொள்ள, தொப்பியைச் சரிசெய்துகொண்டே வெனிஷியா வந்தாள்.

முழங்கால் உயரக் கன்றுகள். பீச் ஆளுயரம் வளர ஐந்து வருடமாவது ஆகும் என்று மரியன் சொன்னாள். அதுவரை பவுலினுக்கு அந்தப் பக்கம் எல்லாமே நன்றாகத் தெரியும்.