எட்டுக் காலோடு திருப்பி வைக்காதே

பெரும்புதூரில் குண்டு வெடித்து நாடே திகைத்து நின்ற வருடம். அதே வருடக் கடைசியில் காவிரித் தண்ணீரின் பேரால் நம் பெங்களூரிலும் தீ வைத்தார்கள். அந்த வருடம் எங்கள் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் மூன்றாம் வருடம் படித்தவர்களுக்குத்தான் முக்கியமாக இதைச் சொல்கிறேன். உங்களுக்கு லீனியர் ஐ.சி. பாடம் எடுத்த ரங்கநாயகி மேடம் போன வாரம் காலமானார்.

அல்சூர் மார்க்கெட்டில் கீரை பார்த்துக்கொண்டிருந்தேன். என் இடத்துக்கு வந்த புது அட்டெண்டர் போன் செய்தான். "முனிரத்னம்ணா, ரங்கநாயகி மேடம் ஹோகிபிட்ரு" என்றான், போய்விட்டார் என்று. கையில் இருந்த கீரைக்கட்டை வைத்துவிட்டேன். கீரைக்காரம்மா, "இன்னா பெரியவரே, முத்தலா?" என்று கேட்டது மட்டும் நினைவிருக்கிறது. வீடு வரைக்கும் எப்படி வந்தேன் என்று தெரியவில்லை.

நான் அந்த லேபில் அட்டெண்டராக இருந்தவன். பள்ளிக்கூடம் போனதில்லை; இதையும் நான் சொல்ல என் மருமகள்தான் எழுதுகிறாள். பஸ் நம்பர் பார்க்கத் தெரியும் என்பதால் 741 என்று முதுகில் போட்ட ஐ.சி.யை அடையாளம் தெரியும். அதற்கு மேல் தெரியாது.

மேடத்தின் மேசையில் எப்போதும் இரண்டு தட்டுகள் இருக்கும். ஒன்றில் நல்ல ஐ.சி., இன்னொன்றில் செத்தது. விரல் நகத்தளவு கறுப்புத் துண்டு, பக்கத்துக்கு நாலாக எட்டுக் கால். உயிரோடு இருப்பதும் செத்ததும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். பிளஸ், மைனஸ் சப்ளையை மாற்றிக் கொடுத்துவிட்டால் சூடேறிச் செத்துப்போகும். பிள்ளைகள் பயந்துகொண்டு அதைச் சத்தமில்லாமல் நல்ல தட்டிலேயே போட்டுவிடுவார்கள். மறுநாள் வேறு யாராவது அதை எடுத்துக்கொண்டுபோய் மத்தியானம் முழுக்க மல்லுக்கட்டுவார்கள். இதற்கு மேடம் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். எரித்தவரே மேசைக்கு வந்து, கட்டரால் ஒரு காலை வெட்டி, செத்த தட்டில் போட வேண்டும். திட்டு கிடையாது, அபராதம் கிடையாது. முதன்முதலில் வெட்ட வந்த பெண் அழுதுவிட்டாள். மேடம் அவளிடம் கன்னடத்தில்தான் சொன்னார். என் மனதில் அது தமிழாகத் தங்கிவிட்டது. "எதுக்கும்மா அழற? எரிக்கறதுக்குத்தானே லேப்? எரிச்சது தப்பில்லை. எட்டுக் காலோட திருப்பி வைக்கறதுதான் தப்பு."

ஒருநாள் மேசை துடைத்துக்கொண்டே கேட்டேன். "மேடம், இத்தினியூண்டு பூச்சி, இது இன்னாதான் பண்ணுது?"

பேனாவை வைத்துவிட்டு நிஜமாகவே யோசித்தார். என்னைப் போன்ற ஆளுக்குப் பதில் சொல்ல யோசிக்கிற வாத்தியாரை நான் அதுவரை பார்த்ததில்லை. "இதுக்கு ரெண்டு காது இருக்கு, முனிரத்னம். ரெண்டுலயும் ஒரே சத்தம் விழுந்தா கண்டுக்காது. ரெண்டுக்கும் நடுவுல துளி வித்தியாசம் இருந்தாப் போதும், பிடிச்சுண்டு பெருசாக்கிடும்."

"எங்க ஜோகுபாளையத்து குழாயடிப் பொம்பளைங்க மாதிரியா?"

"எங்காத்து மாமியார் மாதிரி" என்று சொல்லிவிட்டு, யாராவது கேட்டார்களா என்று கதவைப் பார்த்தார்.

மேடத்தின் தாத்தா காலத்திலேயே மைசூர் சர்க்கார் உத்தியோகத்துக்கு வந்த குடும்பம் அது. வீட்டில் தமிழ், வெளியில் கன்னடம், இரண்டும் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் லேபுக்குள் தமிழில் பேசவே மாட்டார். தமிழ்ப் பிள்ளைகள் தமிழில் கேட்டாலும் கன்னடத்திலோ இங்கிலீஷிலோதான் பதில் வரும். என்னோடு பேசுவதுகூட பிள்ளைகள் போன பிறகுதான். "அந்தம்மாவுக்கு ரொம்ப பெருமை" என்று சிலர் சொன்னீர்கள். அவர் ஏன் அப்படி இருந்தார் என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது.

கலவரம் தொடங்கிய அன்று லேபில் பரீட்சைக்கு முந்தைய பயிற்சி நடந்துகொண்டிருந்தது. மத்தியானம் ஆபீஸ் ஆள் ஓடிவந்து, பஸ்களை நிறுத்திவிட்டார்கள், மைசூர் ரோடு பக்கம் குடிசைகள் எரிகின்றன என்றான். மேடம் எழுந்தார். "பவர் ஆஃப் பண்ணுங்க. கையில இருக்கறதைத் தட்டுல போட்டுட்டுக் கிளம்புங்க. எதையும் எடுத்து வைக்க வேண்டாம்" என்றார் கன்னடத்தில். எல்லாரும் அப்படியே கொட்டிவிட்டு ஓடினார்கள். குமரேசன் என்ற தமிழ்ப் பையன் மட்டும் போர்டு முன்னால் அசையாமல் நின்றான். அவன் வீடு அந்த மைசூர் ரோட்டுப் பக்கம்தான். அப்பா கட்டட மேஸ்திரி.

வராந்தாவில் மேடம் என்னைக் கூப்பிட்டுத் தணிந்த குரலில் சொன்னார். "இவனை வீட்டுப் பக்கம் விடாதீங்கோ. உங்க கூடவே கூட்டிண்டு போங்கோ. வழியில தமிழ்ல பேச வேண்டாம்." மேற்கே புகை தெரிந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "துளி வித்தியாசம்தான், முனிரத்னம்" என்றார்.

நடந்தே போனோம். அல்சூர் ஏரி வந்ததும் பையன், "அண்ணா, இப்ப பேசலாமா?" என்று கேட்டான். "வூட்டுக்குப் போய் பேசிக்கலாம்டா" என்றேன். வீட்டுக்கு வந்ததும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். அவன் ஆயிக்கும் அப்பனுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஓசூரில் சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தார்கள். வீடு போய்விட்டது. அவன் புத்தகங்களும் அதோடு போயின. பரீட்சை வரை எங்கள் வீட்டில்தான் இருந்தான்.

அவனுக்கு அந்த லேப் பரீட்சை போனால் வருடம் போகும். வருடம் போனால் உதவித்தொகை நிற்கும். எரிந்த வீட்டைக் கட்ட வேண்டிய மேஸ்திரி, காலேஜ் ஃபீஸுக்கு எங்கே போவார்? படிப்பு அதோடு முடிந்தது என்றுதான் அர்த்தம்.

கல்லூரி திறந்தவுடனே பரீட்சை வைத்தார்கள். அவன் கூட்டாளிகள் சிலர் மஞ்சுநாத்தை முன்னால் தள்ளிக்கொண்டு மேடத்திடம் வந்தார்கள். மஞ்சுநாத் துமகூர்ப் பக்கத்துக் கன்னடப் பையன், நல்ல சிரித்த முகம். "மேடம், குமரேசனுக்கு மட்டும் ஏதாவது ஈஸியா வர்ற மாதிரி செய்யுங்க" என்று கெஞ்சினான்.

"சீட்டு எடுக்கறது எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றார் மேடம். "பாவம்னு மார்க் போட்டா, மிச்சம் இருக்கற படிப்பையும் நானே எரிச்ச மாதிரி."

எனக்கு ஆத்திரம் வந்தது. வீட்டில் போய்ச் சொன்னேன். "பெரிய வூட்டம்மா. குடிசை எரிஞ்சா அவங்களுக்கு இன்னா தெரியும்?" என்றாள் என் வீட்டுக்காரி. நானும் ஆமாம் என்றேன்.

பரீட்சை அன்று வெளிக் கல்லூரியிலிருந்து மார்க் போட எக்ஸ்டர்னல் வந்தார். கறாரான மனிதர், கெட்டவர் அல்ல. குமரேசன் சீட்டு எடுத்தான். ஷ்மிட் டிரிகர் என்ற சர்க்யூட் வந்தது. தெரிந்ததுதான் என்று முகத்திலேயே தெரிந்தது. போர்டில் வயர்களைக் குத்தி முடித்து, சப்ளை கொடுத்தான். பச்சைத் திரையில் கட்டம் கட்டமாக அலை வர வேண்டும். வரவில்லை. மேலே ஒரே கோடு, அசையாமல் நின்றது. பிரித்துத் திரும்பக் கட்டினான். அதே கோடு. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

எக்ஸ்டர்னல் வந்து பார்த்தார். "ஐ.சி. போயிருக்கிறது. சப்ளையை மாற்றிக் கொடுத்திருப்பாய். வேறு சீட்டு எடுத்துக்கொள்" என்றார். வேறு சீட்டு எடுத்தால் பாதி மார்க் அங்கேயே போய்விடும், பாஸ் ஆவது கஷ்டம் என்று பிள்ளைகள் பேசிக் கேட்டிருக்கிறேன். குமரேசன், "நான் எரிக்கவில்லை சார்" என்றான். "எல்லாரும் அப்படித்தான் சொல்வீர்கள்" என்றார் அவர்.

மேடம் தன் நாற்காலியில் இருந்தார். அவர் கண் நல்ல தட்டின் மேல் போய் நின்றது. பரீட்சைக்கு முன்னால் ஒவ்வொரு ஐ.சி.யையும் சோதித்துத் தட்டில் வைப்பது அவர் வழக்கம். இந்த முறை அவசரத்தில் சோதிக்கவில்லை. கலவரத்தன்று கொட்டிவிட்டுப் போன தட்டு அப்படியே மேசைக்கு வந்திருந்தது. எழுந்து வந்தார்.

"என் தட்டு சார், என் தப்பு. அவனுக்குச் செத்த ஐ.சி.யைக் கொடுத்துவிட்டேன்."

எக்ஸ்டர்னல் பையனின் பேப்பரில் பெயரைப் பார்த்தார். மேடத்தைப் பார்த்தார். லேசாகச் சிரித்துக்கொண்டே, "நிம்ம கடெயவனா மேடம்?" என்றார். உங்கள் பக்கத்து ஆளா என்று அர்த்தம். மற்ற மேசைகளிலும் கை நின்றுவிட்டது. தமிழ் என்ற வார்த்தையை யாரும் சொல்லவில்லை. ஊர் எரிந்து சாம்பல் ஆறாத நேரம் அது. இத்தனை வருடம் லேபுக்குள் தமிழ் பேசாமல் மேடம் எதைக் காத்துவந்தார் என்று அப்போது புரிந்தது. அந்தக் கேள்வி வந்த பிறகு எந்த வாத்தியாரும் பின்வாங்கியிருப்பார். மேடத்தின் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

"ஹௌது சார்" என்றார். ஆமாம் என்றார். "இந்த லேபில் இருக்கிற எல்லாரும் என் பக்கம்தான். ஐ.சி. அவன் கைக்கு வரும்போதே செத்திருந்தது. எழுதித் தருகிறேன்."

"சாட்சி?"

பக்கத்து மேசையில் இருந்தவன் மஞ்சுநாத். அவன் சர்க்யூட் அழகாக ஓடிக்கொண்டிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு வந்தான். சிரித்த முகம் வெளுத்திருந்தது. "மேடம், அன்னிக்குப் பயிற்சியில நான் ஒண்ணை எரிச்சேன். ஓடும்போது கால் வெட்டாம தட்டுல போட்டுட்டேன். அதுவாத்தான் இருக்கும்" என்றான். பரீட்சை நடுவே எழுந்து, தன் மார்க் போடுகிறவர் முன்னால் நின்று சொன்னான்.

"அது உன் தப்பில்லைப்பா" என்றார் மேடம். "போட்டுட்டு ஓடுன்னு சொன்னவ நான்." கட்டரை அவன் கையில் கொடுத்தார். குமரேசன் போர்டிலிருந்து ஐ.சி.யைப் பிடுங்கிக் கொடுத்தான். மஞ்சுநாத் ஒரு காலை வெட்டினான். டிக்கென்று ஒரு சத்தம்.

எக்ஸ்டர்னல் தானே தட்டிலிருந்து ஒன்றை எடுத்துத் தன் கையால் சோதித்து, குமரேசனிடம் நீட்டினார். "அதே சீட்டைச் செய்" என்றார். சப்ளை கொடுத்ததும் திரையில் கோடு உடைந்து கட்டம் கட்டமாக ஓடத் தொடங்கியது. வாய்க்கேள்வியில் மேடம் அவனை விடவில்லை. மற்றவர்களைவிட அவனைத்தான் அதிகமாகக் குடைந்தார். பாஸானான்.

சொன்னபடியே மேடம் எழுதிக் கொடுத்தார். தப்பு தன்னுடையது என்று மட்டும் இருந்ததாம், மஞ்சுநாத் பெயர் இல்லையாம். துறைத் தலைவர் அறையிலிருந்து வந்த சத்தம் மாடிப்படி வரை கேட்டது. அதன் பிறகு நெடுநாள் அவருக்குப் பரீட்சை வேலை கொடுக்கவில்லை. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அவருக்கு முன்னால் ப்ரொபசர் ஆனார்கள். ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன். "அந்தப் பையன் பேரையும் எழுதியிருந்தா உங்களுக்கு இவ்ளோ தொல்லை இல்லியே மேடம்?"

"அவன் காலை வெட்டிட்டான், முனிரத்னம். அவன் பங்கு அதோட தீர்ந்துது" என்றார். மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவிடவில்லை.

மேடம் கொடுத்த பொருள் என்று என்னிடம் எதுவும் கிடையாது. அவரைப் பற்றித் தப்பாக நினைத்து வீட்டில் பேசினேனே, அதை அவரிடம் சொன்னதும் இல்லை. நான் வைத்திருப்பது அந்த ஒரு "ஹௌது"தான். எந்தப் பதில் சொன்னாலும் அடி விழும் என்று தெரிந்த கேள்விக்கு, குரல் உயராமல் சொன்ன ஆமாம்.

அன்று அந்த மேசையை ஒட்டி நின்றவர்களில் எக்ஸ்டர்னல் ஐயா ரிட்டயரான கொஞ்ச காலத்திலேயே போய்விட்டார். மஞ்சுநாத் இரண்டு வருடம் முன்னால் மாரடைப்பில் போனான். அவன் பிள்ளைகள் இன்னும் சின்னது. இப்போது மேடம். கிழவன் என்னை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். இனி அதைக் கிட்டே நின்று கண்டவன் என்று சொல்ல இருப்பவன் ஒருவன்தான். மயானத்தில் எல்லாரும் கலைந்த பிறகும் கடைசி வரை நின்றான், குமரேசன்.