இரண்டாம் நாளும் டை கட்டியிருந்தவர்

அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தது நாலு பேர். நான் அங்கிள் என்று கூப்பிடும் யூதப் பெரியவர், இஸ்ரேலிலிருந்து வந்திருந்த அவருடைய மகன், அங்கிளைப் பராமரிக்கும் வேலைக்குப் போன அம்மா, பள்ளிக்கூட விடுமுறை என்பதால் அம்மாவோடு ஒட்டிக்கொண்டு போன நான். ஐந்தாவதாக யாராவது இருந்தார்களா என்று இப்போதும் யோசித்துப் பார்க்கிறேன். இருந்திருந்தால், நான் சொல்லாவிட்டாலும் அவர் சொல்லியிருப்பார் என்று ஆறுதல் பட்டுக்கொள்ளலாம். இல்லை, நாலு பேர்தான்.

எனக்கு எட்டு வயது. மெல்பேர்ணில், ஸ்பிரிங்வேலில் ரயில் ஏறி கோல்ஃபீல்டில் இறங்குவோம். அன்று காலை நல்ல பனிமூட்டம்; ஜன்னலுக்கு வெளியே வீடுகள் அடியில்லாமல் மிதந்து போயின. என் சாப்பாட்டுப் பெட்டியில் வாழைப்பழமும் அவித்த முட்டையும் மட்டும். யூதர்களின் பண்டிகையில் வீட்டுக்குள் பாண், அதாவது புளித்த மாவில் சுட்ட ரொட்டி, கொண்டுபோகக் கூடாது. அதற்கு உரிய பெரிய நாள் நேற்றே முடிந்ததே, இன்றைக்கும் ஏன் நெருப்புக்கூடப் புதிதாக மூட்டமாட்டார்கள் என்று கேட்டேன்.

"இஸ்ரேலிலை இருக்கிறவைக்குத்தான் ஒரு நாள். வெளியிலை இருக்கிறவைக்கு ரெண்டு," என்றாள் அம்மா. "அந்தக் காலத்திலை ஜெருசலேமிலை பிறை கண்டாத்தான் மாதம் பிறக்கும். மலைக்கு மலை நெருப்பு மூட்டிச் சொல்லுவினம், பிறகு ஆள் அனுப்புவினம். தூரத்துச் சனத்திட்டை அந்த ஆள் வந்து சேர முன்னம் பண்டிகை வந்திடும். எந்த நாள் சரியெண்டு தெரியாது. அதாலை ரெண்டு நாளும் செய்தவை."

"இப்ப கலண்டர் இருக்குத்தானே?"

"எங்கட அமாவாசைக்குக் கலண்டர் இல்லையே? ஊர் நேரமோ மெல்பேர்ண் நேரமோ எண்டு நானும் ரெண்டு நாள் மரக்கறிதானே காய்ச்சிறன். பேசாமல் வா."

எனக்கு அந்தச் சனங்களை உடனே பிடித்துப்போயிற்று. கதவு பூட்டியதா, அடுப்பு அணைத்ததா என்று இரண்டு தடவை பார்க்காமல் படுக்காத பிள்ளை நான். கோல்ஃபீல்ட் வரும்வரை பனிக்குள் மலைமலையாக நெருப்பு எரிந்தது. ஒரு மனிதன் செய்தியோடு ஓடிக்கொண்டே வந்தான். கடல் குறுக்கிட்டதும் கரையில் திகைத்து நின்றான்.

அந்த வீட்டில் அப்போது ஒரே ஒரு கேள்விதான். மகன் நிற்பாரா, போவாரா? அங்கிளின் மனைவி, அன்ரி, இறந்து மூன்று மாதம். மகன் நின்றால் அங்கிள் தன் வீட்டிலேயே இருக்கலாம். போனால் முதியோர் இல்லம்தான் என்று அம்மா அப்பாவுக்குச் சொல்லக் கேட்டிருந்தேன். அங்கிள் வாய்விட்டுக் கேட்கவில்லை, மகனும் சொல்லவில்லை. ஆனால் நேற்றைப்போல இன்றும் மகன் கோட்டும் டையுமாக மேசைக்கு வந்தபோது அங்கிளின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன்.

"பார், மாப்பிள்ளை மாதிரி இல்லை?" என்று அம்மாவிடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

"யாரும் எடுக்காத மாப்பிள்ளை," என்று மகன் வயிற்றைத் தடவிக்கொண்டார்.

முட்டைக் கோதைப் போடப் பின்வளவுக்குப் போனேன். அங்கே உடுப்புக் கொடிக்கு அப்பால் மகன் போனில் பேசியபடி ஒரு துண்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். பண்டிகையன்று போன் தொடமாட்டார்கள், எழுதமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். பாவம், ஒரு நாள் பண்டிகை ஊரிலிருந்து வந்தவர். இங்கே இரண்டு நாள் என்ற செய்தி அவருக்கு வந்து சேரவேயில்லை.

உள்ளே ஓடினேன். "அங்கிள், இன்றைக்கும் பண்டிகை என்று அவருக்குத் தெரியாது. போன் கதைக்கிறார். நான் போய்ச் சொல்லட்டுமா?"

அங்கிள் பண்டிகைக்கான புளிக்காத தட்டை ரொட்டியை உடைத்துக்கொண்டிருந்தார். "போன் மட்டுமா? எழுதவும் செய்தானா?"

"எழுதினார்."

மேசையில் கிடந்த ரொட்டித் துகள்களை விரலால் ஒன்றாகச் சேர்த்தார். வெகுநேரம் சேர்த்தார். "அவனுக்குத் தெரியும், பிள்ளை," என்றார்.

மகன் உள்ளே வந்தார். "அந்த டையைக் கழற்று," என்றார் அங்கிள். "உனக்கு இன்றைக்கு வேலைநாள்."

மகன் என்னைப் பார்த்தார். டையைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு அங்கிளின் பக்கத்தில் உட்கார்ந்தார். "சொல்லத்தான் இருந்தேன், அப்பா."

"சரி. சாப்பிடு."

யாரும் சத்தம் போடவில்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டு நானும் அம்மாவின் வேலைக்கே வந்த பிறகு, வேறொரு வீட்டில்தான் மீதியைச் சொன்னார்கள். இஸ்ரேலிலிருந்து வந்தவர் திரும்பிப்போகும் எண்ணத்தில் இருந்தால் அவருக்கு ஒரு நாள்தான் பண்டிகை. இரண்டாம் நாள் மற்றவர்களுக்காக உடுத்திக்கொண்டு, வேலை ஏதும் இருந்தால் கண்மறைவில் பார்த்துக்கொள்வார். இங்கேயே தங்க வந்தவருக்கு இரண்டு நாளும் பண்டிகை.

அன்று நாங்கள் வெளிக்கிடும்போது, பண்டிகை முடிந்ததும் தன்னோடு ஓரிடம் பார்க்க வரமுடியுமா என்று அங்கிள் அம்மாவிடம் கேட்டார். அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். அங்கிள் புது வீடு பார்க்கிறார் என்று நினைத்தேன்.

"அங்கே மீன்தொட்டி இருக்குமா, அங்கிள்?"

"அப்படியான இடங்களில் கட்டாயம் இருக்கும்," என்றார்.

அப்படியென்றால் நானும் வருவேன் என்று குதித்தேன்.