சரிவுக்கட்டையும் தோசைக்கல்லும்

வேனை வீடாக மாற்றினேன். சக்கரத்துக்கு அடியில் வைத்து வண்டியைச் சமப்படுத்தும் சரிவுக்கட்டை வாங்கும்போது மட்டும், நான் எழுதியதும் படித்ததுமான புத்தகங்களுக்கு இடம் வேண்டுமென்று, உயரமானதை விட்டுவிட்டுக் குட்டையானதை எடுத்தேன்.

குருவிநத்தம் ஆற்றங்கரையில் முதல் மாலை. "சாஞ்சி படுக்கணும்னா நாளைக்கே வண்டிய வித்துடுங்க" என்று கெடு வைத்தாள் மனைவி. கட்டைமேல் ஏற்றி நிறுத்தினேன். அவள் அடுப்பைப் பற்ற வைக்காமலே தோசைக்கல்லில் எண்ணெய் விட்டுப் பார்த்தாள்.

"இன்னாங்க, ஒரு பக்கமா ஓடுது!"

விடுவேனா? புத்தக அலமாரியைக் கழற்றி, ஒரு பலகையைக் கட்டைக்கு அடியில் கொடுத்து மீண்டும் ஏற்றினேன்.

"இப்ப?"

"ஓடல. நடக்குது."

இன்னொரு பலகையையும் கொடுத்தேன்.

"நின்னுடுச்சி. உங்க படிப்பு இப்பதான் வூட்டுக்கு உதவுச்சி."

படுத்ததும் தூங்கிவிட்டாள். தரையில் கிடந்த புத்தகங்களுக்கு நடுவே உட்கார்ந்து அவள் குறட்டையைக் கேட்டேன். என் எழுத்துக்கு இப்படியொரு பாராட்டு கிடைத்ததில்லை.