தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

புதுத் தவிட்டுக்கு ஒரு வாசனை உண்டு. சூடும் நெல்லும் கலந்த, கொஞ்சம் இனித்த, தும்மலை வரவழைக்கிற வாசனை. திண்டிவனத்துக்குப் போகும் பேருந்து ஓர் அரிசி ஆலையைக் கடக்கும்போது ஜன்னல் வழியாக வந்து மூக்கில் உட்கார்ந்துகொள்ளும். உடனே ஒரு முறமும், அதில் கிடத்தப்பட்ட பதினோரு நாள் குழந்தையும் எனக்கு நினைவுக்கு வரும். அந்தக் காட்சியை நான் பார்த்ததில்லை. பார்க்காதது எப்படி நினைவாகிறது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். காதால் கேட்டதை மூக்கு எடுத்து வைத்துக்கொண்டது போலிருக்கிறது.

கேட்டது விழுப்புரத்தில், ஒரு பயிற்சிக் கூடத்தில். குழந்தைகள் நலத்தில் வேலை செய்யும் பல துறைக்காரர்களை ஒன்றாக உட்காரவைத்துத் தத்தெடுப்புச் சட்டம் சொல்லித்தரும் இரண்டு நாள் பயிற்சி. செவிலியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், காவல் நிலையங்களில் குழந்தைகள் விவகாரம் பார்ப்பவர்கள், என்னைப் போலக் குழந்தைகளோடும் பெற்றவர்களோடும் பேசுவதையே உத்தியோகமாகக் கொண்ட ஆற்றுப்படுத்துநர்கள். ஒரே குழந்தைக்காகத் தினமும் போனில் சண்டை போட்டுக்கொள்கிறவர்கள் முதல்முறையாக முகம் பார்த்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டோம்.

பாடம் நடத்தியவர் அறுபதை நெருங்கும் வக்கீல். காலையில் கரும்பலகையில் மூன்று வாசல் வரைந்தார். முதல் வாசல், வளர்க்க முடியாதவர்கள் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைப்பது. மனம் மாற இரண்டு மாத அவகாசம் உண்டு. மாறாவிட்டால் பட்டியலில் காத்திருக்கும் முன்பின் தெரியாத தம்பதிக்குக் குழந்தை போகும். இரண்டாவது, இந்துக் குடும்பங்கள் நேருக்கு நேராகக் கொடுத்து வாங்கும் தத்து. தாய் தகப்பன் இருவரும் சம்மதிக்க வேண்டும், பதிலுக்கு எதையும் வாங்கக் கூடாது. மூன்றாவது வாசலுக்குக் கம்பி போட்டுக் காட்டினார். விற்பது. அது நேராகச் சிறைக்குப் போகும் வாசல்.

சாப்பாட்டுக்குப் பிறகு, எந்த வாசலிலும் அடங்காத கதை யாரிடமாவது இருந்தால், பேர் ஊர் இல்லாமல் சொல்லலாம் என்றார். பிரம்மதேசம் பக்கத்துக் கிராம செவிலியர் எழுந்தார். நாற்பது வயதிருக்கும். பேசும்போது கையை நெஞ்சருகில் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தார், குழந்தை இருப்பது போல.

"எங்க ஏரியாவுல ஒரு பொண்ணுங்க சார். ரெண்டு கொழந்த பொறந்து தங்கல. மூணாவது பொண்ணு பொறந்துது. அத்த தவிட்டுக்கு வித்துட்டா. இது எந்த வாசல்ல வரும்?"

பாதிக் கூடம் சிரித்தது. அவர்களுக்குத் தெரியும். பிள்ளை தங்காத வீட்டில் அடுத்த குழந்தையை முறத்தில் கிடத்தி, பிள்ளைகள் எல்லாம் பிழைத்த ஒரு கைராசிக்காரி வீட்டு வாசலில் கொண்டுபோய் வைப்பார்கள். அவள் ஒரு படி தவிடு கொடுத்துக் குழந்தையை வாங்கிக்கொள்வாள். இது உன் பிள்ளை இல்லை, தவிட்டுக்குப் போனது என்று எமனுக்கு வழிமாற்றிச் சொல்கிற ஏற்பாடு. ஒரு வருடம் முடிந்ததும் பெற்றவள் தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை எடுத்து வருவாள். பெரும்பாலும் பேருக்குத்தான் விற்பது. குழந்தை அன்றைக்கே தாயிடம் வந்துவிடும்.

"அன்னிக்கே திரும்ப வந்துடுச்சா?" என்று வக்கீல் கேட்டார்.

"அதான் இல்லீங்க சார். பேருக்கு வித்தா பத்தாதுன்னு பயந்துட்டா. ஒம்பது மாசம் ஆவுது. வாங்கின அம்மா கையிலதான் திண்டிவனத்துல வளருது."

சிரிப்பு அடங்கியது. எனக்கு அடுத்த நாற்காலியில் இருந்த பெண் உதவி ஆய்வாளர் நோட்டைத் திறந்து, பிறகு மூடி, மடியில் வைத்துக்கொண்டார்.

"நர்சம்மா, பேர் வேணாம்னு சார் சொன்னாரு, சரி. ஆனா என் காதுல வுழுந்துடுச்சே. நாளைக்கு எவனாவது போன் பண்ணி கொழந்தைய வித்துட்டாங்கன்னா, கேட்டுக்கினு சும்மாவா இருந்தன்னு என்னத்தான் புடிப்பாங்க."

"நான் சந்தேகம்தாங்க கேட்டேன்" என்றார் செவிலியர். ஆடிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. "புகார் குடுக்கல."

வக்கீல் பலகையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "இத்த வித்ததுன்னு எழுதினா ரெண்டு பொம்பளையும் உள்ள போவணும். ஒப்படைச்சதுன்னு எழுதினா கொழந்த தத்து மையத்துக்குப் போயி, எங்கியோ இருக்கிற யாருக்கோ போயிடும். ரெண்டு பேருக்கும் இல்லாம."

செவிலியர் உட்கார்ந்தார். தான் கேட்ட ஒரு கேள்வியால் அந்தக் குழந்தை கைவிட்டுப் போகப்போகிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அன்று மாலைவரை அவர் தேநீர்கூடக் குடிக்கவில்லை.

கலையும்போது உதவி ஆய்வாளர்தான் வழி சொன்னார். "நாளைக்கு சாயந்தரம் வரைக்கும் நான் எதுவும் எழுதல. அதுக்குள்ள நாமளே போய்ப் பாத்துட்டு, நாமளே குழுகிட்ட கூட்டிக்கினு போயிடலாம். யூனிஃபார்ம் இல்லாம வர்றேன்."

மறுநாள் பயிற்சியை மற்றவர்களிடம் விட்டுவிட்டு வக்கீல், செவிலியர், உதவி ஆய்வாளர், நான் என நால்வர் திண்டிவனத்துக்குக் கிளம்பினோம். பேருந்தில் ஒன்றைக் கவனித்தேன். குழந்தை இப்போது என்ன எடை இருக்கும் என்பது செவிலியரின் யோசனை. எந்தத் தேதியில், எந்தத் தெருவில் கைமாறியது என்பது உதவி ஆய்வாளரின் கவலை. நானோ, முறத்தைத் தரையில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தவள் எத்தனை எட்டு வைத்த பிறகு நின்றிருப்பாள் என்று யோசித்துக்கொண்டு வந்தேன். எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லாத கேள்வி. வக்கீல் மட்டும் தனக்குள் வழக்காடிக்கொண்டிருந்தார்.

"பதிலுக்குப் பணமோ வேற எதுவோ வாங்கக் கூடாதுன்னுதான் சட்டம். ஒரு படி தவிடு வேற எதுவோவா இல்லையா?"

"மாட்டுக்குப் போட்டாச்சான்னு கேளுங்க சார்" என்றார் உதவி ஆய்வாளர். "போட்டிருந்தா மாடுதான் முதல் குற்றவாளி."

செவிலியர் அப்போதுதான் சிரித்தார்.

வாங்கியவள் திண்டிவனத்தில் பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் டிபன் கடை வைத்திருந்தாள். ஐம்பது வயது, மூன்று பிள்ளைகள், மூவரும் ஆண்கள், மூவரும் வளர்ந்து வேலைக்குப் போய்விட்டார்கள். இடுப்பில் குழந்தை, கையில் தோசைக் கரண்டி.

"நர்சம்மாவா? தடுப்பூசிதான் போட்டாச்சே. கூட யாரு, பொண்ணு பாக்க வந்தவங்க மாரி?" எங்களை மேலும் கீழும் பார்த்தாள். "பொண்ணு ரெடிதான். பல்லு ரெண்டுதான் மொளைச்சிருக்குது, பரவால்லியா?"

குழந்தை எங்களைப் பார்த்து அந்த இரண்டு பல்லையும் காட்டியது. வந்த விஷயத்தை வக்கீல் மெதுவாகச் சொன்னார். அவள் பயப்படவில்லை. உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துவந்து திறந்தாள். முத்திரைத்தாளில் தட்டச்சு செய்த பத்திரம். குழந்தையைத் தத்துக் கொடுப்பதாகத் தகப்பன் கையெழுத்து.

"பேப்பரெல்லாம் பக்காவா இருக்குது சார். பாத்துக்கோங்க."

எங்களுக்கும் இது புதுச் செய்தி. செவிலியருக்கே தெரியாது. சடங்கு என்று நினைத்து வந்தோம். இங்கே யாரோ அதைச் சட்டமாக்கப் பார்த்திருக்கிறார்கள். வக்கீல் தாளை இரண்டு பக்கமும் திருப்பினார்.

"இதுல அம்மா கையெழுத்து எங்கம்மா?"

"கீழ பாருங்க. நான் போட்டிருக்கேனே."

"பெத்த அம்மா."

கல்லில் தோசை கருகத் தொடங்கியது. அவள் எடுக்கவில்லை. உதவி ஆய்வாளர் எட்டி அடுப்பை அணைத்தார்.

"அவளுக்குத் தெரியாது" என்றாள். "அவ வூட்டுக்காரருதான் போட்டாரு. கேக்கறதுக்கு முன்னாடி எழுதி வச்சிக்கலாம்னு இருந்தேன். அவ வாயத் தொறந்து கேட்டான்னா குடுத்துடுவேன், எனக்கே தெரியும்."

அப்படி ஒருத்தி சொன்னதை எந்த வாசலில் எழுதுவது? நோட்டு கையிலேயே இருந்தது. யாரும் எழுதவில்லை.

பெற்றவளைப் பிரம்மதேசம் பக்கம் ஒரு மல்லாட்டைக் கொல்லையில், நிலக்கடலைச் செடிகளுக்கு நடுவே பார்த்தோம். முப்பதுக்குள் இருப்பாள். மண் கையோடு வரப்பில் வந்து நின்றாள். செவிலியரைப் பார்த்ததும் முதல் கேள்வி, "அக்கா வூட்டுக் கொழந்த நல்லா இருக்குதா?"

அக்கா வீட்டுக் குழந்தை. ஒன்பது மாதமாக அப்படித்தான் சொல்கிறாளாம். வெள்ளிக்கிழமைதோறும் திண்டிவனம் போய் நாலு இட்லி வாங்கி, கடையின் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து தின்றுவிட்டு வருவாள். தூக்குவதில்லை. தூக்கினால் என் பிள்ளை என்று வாய் தவறிச் சொல்லிவிடுவோம் என்ற பயம். தொண்டையில் மூடி போட்டு ஒருத்தி இட்லி தின்பது எப்படி என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

பத்திரத்தைப் பற்றியும், மாலையில் குழுவின் முன்னால் வர வேண்டும் என்பதையும் வக்கீல் சொன்னார். அவள் சத்தம் போடவில்லை.

"அவரு போட்டாரா?"

வானூர் பக்கம் கட்டட வேலையில் இருந்த கணவனை உதவி ஆய்வாளரின் போனில் பிடித்துக் கொடுத்தோம். ஒலிபெருக்கியில் கலவை இயந்திரம் உருள்கிற சத்தத்துக்கு நடுவே அவன் குரல் வந்தது. "எங்க இருந்தாலும் பொழைச்சி இருந்தா போதும்னு போட்டேன்டி. வேற ஒன்னும் இல்ல."

அவள் போனை உதவி ஆய்வாளரிடம் நீட்டினாள். "சாயந்தரம் வர்றேங்க. கை கழுவிக்கினு வர்றேன்."

விழுப்புரத்தில் குழந்தைகள் நலக் குழு அன்று மாலை அமர்ந்தது. ஐந்து உறுப்பினர்கள், ஒரு நீள மேசை. டிபன் கடைக்காரி குழந்தையோடு ஒரு பக்கம், பெற்றவள் மறு பக்கம், நடுவில் நாங்கள். தலைவர் விவரம் கேட்டார், பத்திரத்தைப் படித்தார், பிறகு பெற்றவளைப் பார்த்துக் கேட்டார்.

"இது உன் குழந்தைதானாம்மா?"

அவள் தரையைப் பார்த்தாள்.

மறுபடி கேட்டார். அவள் நகக்கண்ணில் மிச்சமிருந்த மண்ணைச் சுரண்டினாள். மேசையின் கோடியில் ஒரு பேனா காத்திருந்தது. பெற்றவள் மௌனம் என்று அது எழுதிவிட்டால், அடுத்த வரியில் ஆதரவற்ற குழந்தை என்ற சொல் வரும். அதற்கடுத்து மையம், பட்டியல், யாரோ. சொல்லிவிடேன் என்று மனது அவளைப் பிடித்துத் தள்ளியது. அவள் சொல்லமாட்டாள். சொன்னால் குழந்தை செத்துப்போகும் என்று ஒன்பது மாதம் நம்பியவள், ஒரு மேசைக்காக எப்படிச் சொல்வாள்?

செவிலியர் எழுந்தார். முதல்நாள் கூடத்தில் ஒடுங்கி உட்கார்ந்தவரா இவர் என்றிருந்தது.

"ஐயா, அத்த மட்டும் கேக்காதீங்க. வருசம் முடியற வரைக்கும் அவ வாயால வராது. யாரு பெத்ததுன்னு என் ரிஜிஸ்டர் சொல்லும்." கர்ப்பம் பதிந்த நாளிலிருந்து பிரசவம் வரைக்குமான பக்கங்களை விரித்து மேசையில் வைத்தார். "வேற எது வேணுமோ அத்த கேளுங்க."

தலைவர் பதிவேட்டை நிதானமாகப் படித்தார். வரி வரியாக விரல் வைத்து.

"சரி. இந்தக் குழந்தையைத் தத்துக் குடுத்தியா நீ?"

அவள் நிமிர்ந்தாள். "நான் குடுக்கலைங்க."

அவ்வளவுதான். என்னுடையது என்று சொல்லவில்லை. எழுதுகிற பேனாவுக்கு அது போதுமாக இருந்தது. மறு பக்கத்தில் டிபன் கடைக்காரி குழந்தையின் பாதத்தைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

பத்திரம் செல்லாது என்று முடிவானது. வருடம் முடிய இன்னும் பதினோரு வாரம் இருந்தது. அதுவரை குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தகுந்த நபர் என்று குழு டிபன் கடைக்காரியையே குறித்தது. பெற்றவள் வாரம் ஒருமுறை பார்க்கலாம், செவிலியர் எடை பார்த்து எழுத வேண்டும், நான் இரண்டு வீட்டுக்கும் போய்வர வேண்டும். உதவி ஆய்வாளர் வெளியே மரத்தடியில் உட்கார்ந்து தன் அறிக்கையை எழுதினார். எட்டிப் பார்த்தேன். விற்பனை இல்லை, வழக்கச் சடங்கு என்று எழுதியிருந்தார். தவிடு என்ற சொல்லை எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருந்தார்.

பதினோரு வாரமும் நான் போனேன். கடைசி வாரங்களில் பெற்றவள் பெஞ்சை விட்டு அடுப்பருகே வந்து உட்காரத் தொடங்கியிருந்தாள். வெங்காயம் உரித்துக் கொடுப்பாள். ஒருத்தி மீது ஒருத்திக்குக் கோபம் இருந்ததா? இருந்தது. சாம்பாரில் உப்பு கூட என்று இவள் சொல்வாள், உங்கூட்டு சாம்பாரு தெரியாதா என்று அவள் சொல்வாள். அந்தச் சண்டைகளுக்கு நடுவில் குழந்தை பெஞ்சைப் பிடித்து நிற்கப் பழகியது. எங்கள் பயிற்சித் தாள்களில் கூட்டுச் செயல்பாடு என்று தடித்த எழுத்தில் ஒரு தலைப்பு உண்டு. அது இப்படித்தான் இருக்குமோ என்று நினைத்துக்கொண்டேன்.

வருடம் முடிந்த மறுநாள் காலையில் கணவனும் மனைவியும் வந்தார்கள். வானூர்ப் பக்கமே குடிபோகிறார்கள், இருவருக்கும் கட்டடத்தில் வேலை. பெற்றவள் ஒரு படி தவிட்டைக் கடை வாசலில் வைத்தாள். டிபன் கடைக்காரி குழந்தையைத் தூக்கி அவள் கையில் கொடுத்தாள். செவிலியர் பதிவேட்டில் குழந்தையின் பேர்க் கட்டம் ஒரு வருடமாகக் காலியாக இருந்தது. பெற்றவள் பேரைச் சொன்னாள். மெதுவாக, எழுத்து எழுத்தாக. செவிலியர் எழுதி முடித்து மை காய ஊதினார்.

பேருந்து நிலையம் வரை எல்லாரும் நடந்தோம். டிபன் கடைக்காரி மட்டும் முன்னால் போய்க்கொண்டிருந்தாள், துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு. பையில் சட்டைகள், ஒரு பால் டம்ளர், மருந்து. வண்டி வந்து நின்றது. கணவன் இடம் பிடிக்க ஏறிவிட்டான். குழந்தை புதுக் கையிலிருந்து பழைய கையை நோக்கிச் சாய்ந்தது. டிபன் கடைக்காரி ஓர் எட்டு பின்னால் போய் நின்றாள். பையைப் பெற்றவளின் தோளில் மாட்டினாள், இழுத்துச் சரிசெய்தாள்.

"தூங்கறதுக்கு அழும். பசின்னு நெனைச்சிக்காத. காதாண்ட எதுனா பேசிக்கினே இரு, கேட்டுக்கினே தூங்கிடும்."

"இன்னாக்கா பேசறது?"

"கடைக்கு யார் யாரு வந்தாங்க, எவன் சட்டினி பத்தலன்னு கத்தினான்னு நான் சொல்லிக்கினு இருப்பேன். நீ ஒன் வேலைய சொல்லு. எது சொன்னாலும் கேக்கும். ஏறு, ஏறு, சீட்டு போயிடப் போவுது."