உலை வைக்கச் சொல்லும் கண்ணாடி

அப்பாண்டைநாதன் இறந்து பன்னிரண்டு நாளாகியும் அவர் மனைவி மருதேவி சாயங்காலச் சோற்றைத் தொடவில்லை. பொழுது சாய்ந்தபின் எதுவும் சாப்பிடாத ஜைனக் குடும்பம் அது. அதனால் பட்டினி மறுநாள் காலைவரை நீண்டது. எழுபது வயது, சர்க்கரை வேறு. பதின்மூன்றாம் நாள் எழுந்திருக்க முயன்றவர் தலைசுற்றி அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாம்மா வீம்பு இது?" என்றான் கடைசி மகன் அஜிதன்.

"வீம்பு இல்லடா. கண்ணாடி அடிக்காம உலை வைக்க கை வரமாட்டேங்குது."

கண்ணாடிக் கதை அந்தத் தெருவுக்கே தெரியும். மணிலாக் கொல்லையில் கடலை வேலை முடிந்ததும் அப்பாண்டைநாதன் திருநாதர்குன்று ஏறிவிடுவார். எந்தச் சுனையில் சித்திரையிலும் தண்ணீர் நிற்கும், எந்தப் பொந்தில் கூகை குஞ்சு பொரித்திருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒருமுறை விடியுமுன் கிளம்பித் தொலைவிலுள்ள சீயமங்கலத்துக்கு நடந்தே போனவர், பொழுது சாயுமுன் வீடு சேரத் திரும்பும்போது மட்டும் பஸ் ஏறினார். மனைவி தனியாகச் சாப்பிடக்கூடாது. ஐம்பது வருஷமும் அதே கணக்குதான். குன்றிலிருந்து இறங்குமுன் முகம் பார்க்கும் கண்ணாடியால் வீட்டு மாடியை நோக்கி மூன்று முறை வெளிச்சம் அடிப்பார். மருதேவி உலை வைப்பார். அவர் கால் கழுவும்போது சோறு வடித்திருக்கும். மப்பு போட்டு வெயில் மறைந்த நாளில் குன்றுக்கே போகமாட்டார்.

செல்போன் வந்தபிறகும் அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். "அதுல பேசினா பக்கத்து வூட்டுக் கதையெல்லாம் சொல்லுவே. சோறு குழைஞ்சிடும்" என்பார்.

அந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் அஜிதன். பள்ளி நாட்களில் நண்பர்கள் கண்ணாடியைப் பற்றிக் கேலி செய்ததிலிருந்து அவன் குன்றுப் பக்கமே போகவில்லை. இப்போது ஆணியில் தொங்கிய அப்பாவின் பையிலிருந்து அந்தச் சிவப்பு விளிம்புக் கண்ணாடியை எடுத்தான்.

"நான் போறேன். நீ மாடிக்குப் போ."

"எங்க நிக்கணும்னு தெரியுமா?"

"தெரியும்," என்று பொய் சொன்னான்.

இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களைச் செதுக்கிய பாறையைத் தாண்டி, மறுபக்கச் சரிவில் நின்று கண்ணாடியைத் திருப்பினான். போன் அடித்தது.

"ஒண்ணும் தெரியலடா. நடுவுல கல்யாண மண்டபம் மறைக்குது."

சுற்றிலும் பார்த்தான். காலடியில் கைப்பிடி அளவுக் கற்குவியல் ஒன்று. இருபதடி தள்ளி இன்னொன்று. அப்படியே சரிவு நெடுக ஏழு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் போய் நின்றான். முதல் இடத்தில் மண்டபம் மறைத்தது. அடுத்ததில் ஒரு புளியமரம், அதற்கடுத்ததில் தண்ணீர்த் தொட்டி, பிறகு செல்போன் டவர். ஊர் வளர வளர அப்பா நகர்ந்துகொண்டே போயிருக்கிறார். ஏழாவது, பாறையின் விளிம்பில் இருந்தது. அங்கே நின்றால் இரண்டு கட்டடங்களின் நடுவே விரல் அகல இடுக்கு. அதில் அவர்கள் வீட்டு மாடி, அம்மாவின் வெள்ளைப் புடவை.

நானாக இருந்தால் எதற்காக இப்படி ஏழு முறை இடம் தேடியிருப்பேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டான். மூன்று முறை வெளிச்சம் அடித்தான்.

போனில் அம்மா ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவது கேட்டது. பிறகு, "உலை வைக்கிறேன். ஓடியா, பொழுது போவுது."

ஓடினான். சட்டை நனைந்து, மேல்மூச்சு வாங்க, வாசலில் வந்து நின்றபோது சூரியன் மேற்கே ராஜகிரிக் கோட்டை மலையின் தோளில் இருந்தது. இரண்டு தட்டு போட்டிருந்தது.

"எழுபத்தொம்பது வயசுலயும் உங்க நைனாவுக்கு இப்படி வேர்க்காது," என்றபடி மருதேவி சோற்றைப் பிசைந்தார்.

அவன் கற்குவியல்களைப் பற்றிச் சொன்னான். பிசைந்த கை நின்றது.

"வருஷம் போவப் போவ வெளிச்சம் எடம் மாறிக்கிட்டே வரும். இன்னாங்க, தெனம் நிக்கிற எடத்த மாத்திட்டீங்களேன்னு கேட்டேன். இங்கதான் காத்து நல்லா வருதுன்னாரு. படுபாவி மனுசன்."

சிரித்தார். கண்ணைத் துடைத்தார். முதல் கவளத்தை வாயில் வைத்தார். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது.